தெவிட்டாத தண்ணீர்: மோசூல் அணைக்கு அடியில் கரையும் ஜிப்சம்

இராக்கின் மோசூல் அணைக்கு அடியில், அதன் களிமண் மையச்சுவருக்குக் கீழே, அணையின் நீளவாக்கில் ஒரு சுரங்கப்பாதை ஓடுகிறது. உள்ளே துளையிடும் இயந்திரங்கள் பாறையைக் குடைகின்றன. துளை விழுந்ததும் அதன் வழியே சிமென்ட் குழம்பை அழுத்தத்தோடு இறக்குகிறார்கள். அது இறுகியதும் பக்கத்தில் அடுத்த துளை. கடைசித் துளை வரை போய்விட்டால் வேலை முடிந்துவிடுமா என்றால், இல்லை. முதலில் அடைத்த இடத்துக்கே திரும்ப வர வேண்டியிருக்கும். அணை 1986-இல் பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து நடக்கும் வேலை இது.

கட்டி முடித்த அணைக்கு எதற்காக ஓயாமல் சிமென்ட் ஊற்ற வேண்டும்? நிலநடுக்கமோ மோசமான கட்டுமானமோ காரணமில்லை. அணைக்குக் கீழே இருக்கும் பாறை தண்ணீரில் கரைகிறது, அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

அணையும் அதன் அடித்தளமும்

மோசூல் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில், டைக்ரிஸ் ஆற்றின் குறுக்கே நிற்கிறது இந்த அணை. உயரம் 113 மீட்டர், நீளம் 3.4 கி.மீ. நடுவில் களிமண் மையம் வைத்துக் கட்டிய மண் அணை. முழுக்கொள்ளளவு சுமார் 1,110 கோடி கனமீட்டர். 1981-இல் கட்டத் தொடங்கினார்கள். அப்போது அதன் பெயர் சதாம் அணை. வடிவமைப்பில் சுவிட்சர்லாந்து ஆலோசகர்கள், கட்டுமானத்தில் ஜெர்மானிய, இத்தாலிய நிறுவனங்களின் கூட்டு. அனுபவமில்லாத கூட்டம் கட்டிய அணை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கீழே இருப்பது ஃபத்ஹா பாறைத்தொகுதி. மயோசீன் காலத்தின் நடுப்பகுதியில், அதாவது சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமற்ற கடல் திரும்பத் திரும்ப வற்றிய இடம் இது. கடல் உள்ளே வந்தபோது சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்பு கலந்த களியும் படிந்தன. வெயிலில் நீர் சுருங்கிச் சுருங்கி உப்புச்செறிவு ஏறியபோது, நீர் சேர்ந்த கால்சியம் சல்ஃபேட்டான ஜிப்சம் படிந்தது. மறுபடி கடல், மறுபடி வற்றல். ஆகவே தரையைக் குடைந்தால் களி, சுண்ணாம்புக்கல், ஜிப்சம் என்று மாறிமாறி வருகிறது. ஆழத்தில் நீரில்லாத ஜிப்சமான அன்ஹைட்ரைட்டும் உண்டு. அது தண்ணீரை உறிஞ்சி ஜிப்சமாக மாறும்போது அறுபது சதவீதம் வரைகூடப் பருத்து, சுற்றியுள்ள பாறையை நெரித்து விரிசல் விடச் செய்யும்.

இந்த அடுக்குகளில் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பவை நான்கு. ஜிபி0, ஜிபி1, ஜிபி2, ஜிபி3 என்று அவற்றுக்குக் குறிப்பெயர். ஜிப்சம் பழங்காலத்திலேயே பாதி கரைந்து, மேலே இருந்த பாறை இடிந்து விழுந்து, உடைந்த துண்டுகளும் களிமண்ணும் கலந்து கிடக்கும் அடுக்குகள் இவை. நம் ஊரில் பழைய வீட்டை இடித்து, அந்த இடிபாட்டை அப்படியே பள்ளத்தில் கொட்டி, மேலே மண் போட்டு மூடி மனை விற்பார்களே, ஏறக்குறைய அந்த மாதிரியான தரை.

டம்ளரில் ஒரு சாக்பீஸ்

பள்ளிக்கூட சாக்பீஸைச் சுண்ணக்கட்டி என்று சொன்னாலும், இன்று சாதாரண சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம்தான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நீரில் குழைத்து அச்சில் வார்த்தால் மறுபடி ஜிப்சமாக இறுகுகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்கள். ஜிப்சம் என்றால் சும்மா ஊறிக்கொள்ளும். சுண்ணாம்புக்கல் என்றால் நுரை வரும். தூசு பறக்காதது என்று விற்கும் கனமான வகைகளில் நுரை வருவதுண்டு. அதை ஒதுக்கிவிட்டுச் சாதாரண சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டம்ளரில் ஆர்ஓ தண்ணீர், இன்னொன்றில் அதே தண்ணீரோடு ஒரு சாக்பீஸ். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் சாக்பீஸ் அப்படியே இருப்பது போலத் தெரியும். கொஞ்சம் தூள் அடியில் தங்கியிருக்கும், மேலே தண்ணீர் தெளிவாக நிற்கும். ஆர்ஓ விற்க வருகிறவர் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை இப்போது இரண்டு டம்ளரிலும் வைத்தால் கதை வேறு. முதல் டம்ளரில் ஐம்பதோ எண்பதோ காட்டும். இரண்டாவதில், அவ்வப்போது கலக்கியும் விட்டிருந்தால், ஆயிரத்தைத் தொடும். உண்மையில் அதற்கும் மேலே இருக்கும். அந்த மீட்டர் மின்கடத்தலை அளந்து, கரைந்திருப்பது சாப்பாட்டு உப்பு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஜிப்சம் விஷயத்தில் அது ஏறக்குறைய பாதியைத்தான் சொல்லும்.

ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் இரண்டரை கிராம் அளவுக்கு ஜிப்சத்தை ஏற்கும். அதற்கு மேல் ஏற்காது. பள்ளிப் பாடத்தில் அதைத் தெவிட்டிய கரைசல் என்று படித்திருப்போம். அருமையான சொல். பாயசம் ஒரு அளவுக்கு மேல் இறங்காது என்கிறோமே, அதே தெவிட்டல்தான். ஐந்து கிராம் சாக்பீஸை முழுசாகக் கரைக்க இரண்டு லிட்டர் தெவிட்டாத தண்ணீர் வேண்டும். ஒரே டம்ளரில் எத்தனை வருஷம் ஊறினாலும் அது முடியாது.

கல்லின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்று இன்னும் கிட்டத்தில் போவோம். ஜிப்சம் படிகம் அடுக்கடுக்கானது. கால்சியமும் சல்ஃபேட்டும் கைகோத்து நிற்கும் ஒரு தட்டு, அதன்மேல் தண்ணீர் மூலக்கூறுகளின் ஒரு வரிசை, மறுபடி ஒரு தட்டு. தட்டுகளுக்கு நடுவே பிடிமானம் குறைவு என்பதால்தான் ஜிப்சத்தை நகத்தாலேயே கீறலாம், தகடு தகடாக உரிக்கலாம். இந்தத் தட்டின் சமதளத்தில் உட்கார்ந்திருக்கும் அயனியை நீரால் சுலபத்தில் பெயர்க்க முடியாது. சுற்றிலும் அண்டை அயனிகள் பிடித்துக்கொண்டிருக்கும். தட்டின் ஓரத்திலும், ஓரம் மடங்கும் மூலையிலும் இருப்பதுதான் முதலில் போகும். மண்சுவர் மழையில் எங்கே முதலில் கரையும் என்று கிராமத்தில் யாரைக் கேட்டாலும் மூலையைக் காட்டுவார்கள். அதே நியாயம். படிகத்தில் ஏற்கெனவே குறை இருக்கும் புள்ளிகளில் குழி விழுந்து, குழியின் ஓரம் புதிய ஓரமாகி, ஓரம் பின்வாங்கிக்கொண்டே போகும்.

பெயர்ந்த அயனி உடனே ஓடும் நீரில் சேர்ந்துவிடுவதில்லை. கல்லை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று அசையாமல் நிற்கிறது. அது சீக்கிரம் தெவிட்டிப் போகிறது. அயனி அதைக் கடந்து வெளியே போனால்தான் அடுத்த அயனிக்கு இடம். காபி டம்ளரின் அடியில் சர்க்கரை கரையாமல் கிடப்பது இதனால்தான். சர்க்கரைக்கு அங்கே கரைய மனமில்லாமல் இல்லை. அதைச் சுற்றி இருக்கும் காபிக்கு இனி இடமில்லை. ஒரு ஆற்று ஆற்றினால் போதும்.

ஜிப்சம் இந்த வகை. அயனி பெயர்வது வேகமாக நடந்துவிடும், வெளியே போவதுதான் தாமதம். ஆகவே அது கரையும் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீர் ஓடும் வேகம். சுண்ணாம்புக்கல் அப்படியில்லை. அதில் அயனி பெயர்வதே மெதுவாகத்தான் நடக்கும், அதற்கும் காற்றிலிருந்தோ மண்ணிலிருந்தோ கரியமில வாயு நீரில் கலந்து கொஞ்சம் புளிப்பு ஏற வேண்டும். தெவிட்டும் நிலை நெருங்க நெருங்க அந்த வேகமும் படுத்துவிடும்.

நடுவில் மாட்டிக்கொண்ட கனிமம்

மோசூல் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'ஜிப்சம் எளிதில் கரையும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது திருப்தியாக இல்லை. எளிதில் கரைவது ஆபத்து என்றால் சாப்பாட்டு உப்பு இதைவிடப் பெரிய ஆபத்தாக இருக்க வேண்டும். அது லிட்டருக்கு 360 கிராம் கரையும், ஜிப்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல். ஆனால் நிலத்தடி நீர் ஓடுகிற இடத்தில், மேல்மட்டத்தில், உப்புப் பாறை மிஞ்சியே இருக்காது. மனிதன் அணை கட்ட வருவதற்கு எவ்வளவோ முன்பே போய்விட்டிருக்கும். சுண்ணாம்புக்கல்லில் குகைகளே உருவாகின்றன, ஆனால் அதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஆகும். அதில் ஏற்கெனவே உள்ள ஓட்டைகளைக் கண்டு அடைத்துவிட்டால், அணையின் ஆயுளுக்குள் புதிய ஓட்டை பெரிதாக விழாது.

ஜிப்சம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டு தரைக்குள் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு மெதுவாகக் கரைகிறது. அணை கட்டி நல்ல தண்ணீரை மேலே தேக்கினால், கட்டிய பொறியாளர் ஓய்வு பெறுவதற்குள் குழி விழும் அளவுக்கு வேகமாகக் கரைகிறது. துளைபோட்டு எடுத்த பாறைத்துண்டு கையில் கெட்டியான வெள்ளைக் கல்லாகத்தான் இருக்கும். ஆய்வு மேசையில் அதன் வலுவை அளந்தால் தேறிவிடும். தேறாத ஒரே பாடம் காலம்.

அணை எதை மாற்றியது

அணைக்கு முன்னால் அந்த ஜிப்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது பழைய நிலத்தடி நீர். மெல்ல நகர்வது, பாதைநெடுக ஜிப்சத்தோடு பழகித் தெவிட்டிப் போனது. அதனால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. 1985-இல் நீரைத் தேக்க ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழாகிவிட்டது. துருக்கி மலைகளின் பனியும் மழையும் கொடுக்கும் டைக்ரிஸ் நீரில் ஜிப்சத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. அந்தத் தெவிட்டாத நீரை எண்பது மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நிறுத்தி, அதன் அழுத்தத்தால் பாறை விரிசல்களுக்குள் திணித்தது அணை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது அணையில் அளந்த எண் இல்லை, நானே போட்ட கணக்கு. விநாடிக்குப் பத்து லிட்டர் கசிவு, அதாவது நம் வயல் மோட்டார் பம்பு ஒன்று சுமாராக இறைக்கும் அளவு, நல்ல நீராக உள்ளே போய் ஜிப்சத்தில் தெவிட்டி வெளியே வருகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 864 கனமீட்டர் நீர். அதில் 2,160 கிலோ ஜிப்சம். ஏறக்குறைய ஒரு கனமீட்டர் கல். ஓர் ஆண்டில் 340 கனமீட்டர். பத்துக்குப் பத்து மீட்டர் தளமும், சராசரி வீட்டைவிடச் சற்றே உயர்ந்த கூரையும் உள்ள ஒரு கூடம் அளவுக்கு வெற்றிடம். ஒரு பம்புத் தண்ணீருக்கு இவ்வளவு.

ஆனால் கசிவு அதே பத்து லிட்டராக நிற்காது என்பதில்தான் சிக்கல். விரிசலின் அகலம் இரட்டிப்பானால், அதே அழுத்தத்தில் அதன் வழியே போகும் நீர் எட்டு மடங்காகிறது. அதிக நீர் வேகமாகப் போனால் கல்லை ஒட்டிய அந்த அசையாப் படலம் மெலிகிறது, அயனிகள் சுலபமாக வெளியேறுகின்றன, விரிசல் இன்னும் அகலமாகிறது. குறுகிய விரிசலில் நுழையும் நீர் சில அடிகளிலேயே தெவிட்டிவிடும், உள்ளே உள்ள கல் தப்பிக்கும். அகன்ற விரிசலில் அதே நீர் தெவிட்டாமலே வெகுதூரம் போகும். அணைக்கு முன்புறம் இருந்த கரைப்பு முனை, அதாவது பாறை கரைந்துகொண்டிருக்கும் எல்லை, இப்படித்தான் அடியில் நுழைந்து பின்புறம் நோக்கி நகர்கிறது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குவெயில் கிரீக் என்ற சிறிய நீர்த்தேக்கத்தின் கரை 1989 புத்தாண்டு நள்ளிரவை ஒட்டி உடைந்து ஓடியது. அங்கேயும் அடித்தளத்தில் ஜிப்சம் இருந்தது. நீர் தேக்கிச் சில ஆண்டுகள்கூட முழுசாக ஓடவில்லை.

தெளிந்த கசிவு

ஏரிக்கரை பார்க்கிற பழைய ஆட்களிடம் ஒரு பாடம் உண்டு. கரைக்கு வெளிப்புறம் ஊறும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலை வேண்டாம், கலங்கி வந்தால் கரை உள்ளே அரிக்கிறது, ஓடிப்போய் ஊரைக் கூப்பிடு. மண்கரைக்கு இது சரியான பாடம். ஜிப்சத்தின் மேல் நிற்கும் அணைக்கு இது போதாது. லிட்டருக்கு இரண்டரை கிராம் பாறையைச் சுமந்து வரும் நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். கையில் எடுத்துக் குடித்துப் பார்த்தால் லேசாகக் கசக்கும், அவ்வளவே. ஆகவே மோசூலில் கண்ணை நம்ப முடியாது. தேக்கத்து நீரில் எவ்வளவு சல்ஃபேட், கசிவில் எவ்வளவு சல்ஃபேட், இரண்டுக்கும் என்ன வித்தியாசம், கசிவு மொத்தம் எவ்வளவு என்று அளந்து பெருக்கினால்தான் அன்றைக்கு எவ்வளவு அடித்தளம் வெளியே போனது என்று தெரியும்.

கண்ணுக்குத் தெரிகிற கட்டமும் வந்தது. 1992-க்கும் 1998-க்கும் இடையில் அணைக்குக் கீழ்ப்புறம் தரை உள்வாங்கி நான்கு பள்ளங்கள் விழுந்தன. 2005-இல் கிழக்குப் பக்கம் இன்னொன்று. ஆழத்தில் கரைந்த வெற்றிடத்தின் கூரை அடுக்கடுக்காக இடிந்து மேலேறி வந்து, கடைசியில் தரையைத் தொடும்போதுதான் அதைப் பள்ளம் என்கிறோம். அதற்குள் கீழே வேலை முடிந்திருக்கும்.

சிமென்ட் குழம்பின் கதை

கட்டும்போதே இது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அடியில் அந்தச் சுரங்கப்பாதையையே வடிவமைப்பில் வைத்தார்கள். பாறைக்குள் வரிசையாகத் துளையிட்டுச் சிமென்ட் குழம்பை இறக்கி ஒரு திரை போட்டுவிட்டால் நீர் நின்றுவிடும், ஏதாவது மிச்சம் இருந்தால் சுரங்கத்திலிருந்து சரிசெய்துகொள்ளலாம் என்பது கணக்கு. சுண்ணாம்புக்கல் தரையில் இந்தக் கணக்குப் பலமுறை பலித்திருக்கிறது.

இங்கே பலிக்காததற்கு இரண்டு காரணங்கள். கிரவுட்டிங் என்று வேலைக்காரர்கள் சொல்லும் இந்தக் குழம்பு திறந்த விரிசலுக்குள் ஓடும், களிமண்ணுக்குள் ஓடாது. ஜிபி அடுக்குகளில் ஜிப்சத் துண்டுகளுக்கு நடுவே அடைத்திருப்பது களிமண். இன்று குழம்பை உள்ளே விடாத அந்தக் களிமண், சுற்றியுள்ள ஜிப்சம் கரைந்ததும் பிடிப்பில்லாமல் நாளை நீரோடு போய்விடும். நேற்று அடைக்க வழியில்லாத இடத்தில் இன்று ஓட்டை. இரண்டாவது காரணம் எளிது. சிமென்ட் அடைத்த விரிசலுக்குப் பக்கத்திலேயே இன்னமும் ஜிப்சம் இருக்கிறது. நீர் திரையைச் சுற்றிக்கொண்டு அதைத் தொடுகிறது. போதாததற்கு, சல்ஃபேட் நிறைந்த நீர் சாதாரண சிமென்ட்டையும் தின்னும். நம் கடலோரக் கட்டுமானங்களில் சல்ஃபேட் தாங்கும் சிமென்ட் கேட்பதும் இதே பயத்தில்தான்.

2007 வரை அங்கே இறக்கிய பொருள் ஐம்பதாயிரம் டன்னைத் தாண்டியது. பெரிய பொந்துகளுக்கு மணலும் சரளையும் கலந்து இறக்க வேண்டியிருந்தது. கிரவுட்டிங் தோற்றுவிட்டது என்று இதை வைத்துச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அணை நிற்கிறது, அதற்குக் காரணம் இந்த வேலைதான். டயாலிசிஸ் நோயைக் குணப்படுத்துவதில்லை என்பதற்காக அதைத் தோல்வி என்று யாரும் சொல்வதில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

நிறுத்தியபோது

2006-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை தந்த அறிக்கை, அடித்தளம் உள்ளுக்குள் அரிபடும் வாய்ப்பை வைத்துப் பார்த்தால் உலகிலேயே மிக ஆபத்தான அணை இது என்றது. அந்த வாக்கியத்தின் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் தலைப்பாக்கியவை நிறைய. முழு அணையும் ஒரே நேரத்தில் உடைந்தால் மோசூலில் 20 மீட்டர் உயரத்துக்கு நீர் வரும், ஐந்து லட்சம் உயிர் போகலாம் என்று 2007-இல் அமெரிக்க அதிகாரிகள் எச்சரித்தார்கள். தேக்கம் நிரம்பியிருந்து, ஒரேயடியாக உடைகிற மோசமான நிலைக்கான கணக்கு அது. இராக் அரசு அந்த எச்சரிக்கையை ஏற்கவில்லை, ஆனால் நீர்மட்டத்தைக் குறைத்துக்கொண்டது. கடல்மட்டத்திலிருந்து 330 மீட்டர் வரை நிரப்பக் கட்டிய அணையை 319 மீட்டரில் நிறுத்தினார்கள். விரிசலுக்குள் நீரைத் திணிக்கும் அழுத்தம் குறைய இதைவிட நேரடியான வழியில்லை. மின்சாரத்திலும் பாசனத்திலும் அதற்கான விலையைக் கொடுத்தார்கள்.

2014 ஆகஸ்ட் 7-இல் ஐஎஸ் அமைப்பு அணையைப் பிடித்தது. இரண்டு வாரத்துக்குள் குர்திய, இராக்கியப் படைகள் அமெரிக்க விமானத் தாக்குதலின் துணையோடு மீட்டன. உலகம் பயந்தது ஐஎஸ் ஆட்கள் வெடிவைத்துத் தகர்ப்பார்கள் என்று. வெடி வைக்கவில்லை. சுரங்கத்தில் வேலைதான் நின்றது. அணை மீண்ட பிறகும் ஆட்களும் கருவிகளும் பழையபடி திரும்பவில்லை. சிமென்ட் வரவும் சிக்கல். கீழே இருந்த நீருக்கு ஆட்சி மாறியது தெரியாது, அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள் ரேடார் அளவீடுகள் அணையின் உடல் தாழ்ந்துகொண்டிருப்பதைக் காட்டின. 2016 பிப்ரவரியில் பாக்தாதில் இருந்த அமெரிக்கத் தூதரகம், உடைந்தால் வெளியேறத் தயாராக இருக்கச் சொல்லி அறிவிப்பு விட்டது.

அடுத்த மாதம் இத்தாலியின் திரேவி நிறுவனத்தோடு 27.3 கோடி யூரோவுக்கு ஒப்பந்தம். போர் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் துளைபோடும் வேலை என்பதால் இத்தாலிய ராணுவம் காவலுக்கு வந்தது. சுரங்கப்பாதைக்குள் புதிய இயந்திரங்கள் இறங்கின. எந்தத் துளையில் எவ்வளவு குழம்பு, என்ன அழுத்தத்தில் இறங்குகிறது என்பதைக் கணினியில் பார்த்துக்கொண்டே வேலை செய்யும் முறை வந்தது. என் பார்வையில் பெரிய மாற்றம் இதுதான். பழைய முறையில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். புதிய முறையில், பாறை குழம்பை எங்கே விழுங்குகிறது என்பதே ஓட்டை எங்கே வளர்கிறது என்ற வரைபடமாகிவிட்டது. இராக்கியப் பணியாளர்கள் கூடவே பயிற்சி பெற்றார்கள். 2019-இல் வெளிநாட்டவர் வேலையை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

நிரந்தரத் தீர்வு பற்றிய பேச்சு பழையது. அணையின் நீளத்துக்கு, ஜிப்ச அடுக்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் கான்கிரீட் சுவர் ஒன்றைப் பதித்துவிடலாம் என்பது ஒரு யோசனை. அவ்வளவு ஆழத்துக்கு, நீர் நிற்கும் அணையின் மேலிருந்து சுவர் வெட்டுவது செலவிலும் ஆபத்திலும் சாதாரணமானது இல்லை. இன்னொரு யோசனை பாதி செயலுக்கே வந்தது. மோசூல் அணை உடைந்தால் வரும் வெள்ளத்தைப் பிடிப்பதற்காக, அதற்கும் மோசூல் நகரத்துக்கும் நடுவில் பாதூஷ் என்ற இடத்தில் இன்னொரு அணை. 1988-இல் தொடங்கினார்கள். 1991-இல் வளைகுடாப் போரோடு வேலை நின்றது. அரைகுறைக் கட்டுமானம் ஆற்றோரம் இன்னும் நிற்கிறது. முடித்துவிடலாம் என்று அவ்வப்போது பேச்சு எழுகிறது. பாதூஷில் தரையைக் குடைந்தாலும் கீழே வருவது அதே ஃபத்ஹா அடுக்குகள்தான்.